மேலிருந்து பார்த்தால் மண்வெட்டி

போர் என்பது எங்கோ நடப்பது, அதற்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நாற்பத்து மூன்று வயது வரை நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள், கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், காலை ஒன்பதரை மணிக்குக் கைரேகை வைத்துவிட்டு நானும் போரில் சேர்ந்துகொண்டேன். சேர்ந்தது எனக்கே தெரியாது. எலுமிச்சம் சோறு கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அதிலும் எனக்குப் பெருமை இல்லை. பக்கத்து நாற்காலிக்காரி புளிச்சோறு கொண்டுவந்திருந்தாள்.

வேலை இதுதான். ட்ரோன் ஆகாயத்திலிருந்து எடுத்த படம் ஒன்று திரையில் வரும். அதில் இருக்கிற ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் கட்டம் போட்டு, இது மரம், இது மாடு, இது டிராக்டர் என்று பெயர் கொடுக்க வேண்டும். ஏ.ஐ. என்று ஊரெல்லாம் மலைத்துப் போகிறார்களே, அந்த இயந்திரம் தானாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. கைக்குழந்தைக்குக் காக்கா காட்டுகிற மாதிரி ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அந்த யாராவது நாங்கள். நான் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். இந்த மாணவன் பேசமாட்டான், பேனா தொலைக்கமாட்டான், நான் சொன்னதைச் சொன்னபடி நம்புவான் என்றதும் சந்தோஷமாகச் சேர்ந்துவிட்டேன். தெருவில் கேட்டவர்களிடம் கம்ப்யூட்டரில் கட்டம் போடுகிற வேலை என்றேன். எதிர்வீட்டம்மா மறுநாளே மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

முதல் சில மாதங்கள் விவசாயப் படங்கள்தான். தென்னை, மரவள்ளி, கரும்பு. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கரும்பை மேலிருந்து காட்டினால் என்ன, கீழிருந்து காட்டினால் என்ன. கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்டேன். அப்புறம் ஒரு திங்கட்கிழமை மரங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. காய்ந்த தரை, மண்சுவர், கழுதை, மனிதர்கள். வேலைக்கு ஒரு பூவின் பெயர் வைத்திருந்தார்கள், மல்லி என்று. நல்ல பெயர்தான். அதில் ஒவ்வொரு மனிதனையும் சுற்றிக் கட்டம் போட்டு, அவன் கையில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். பொத்தான்கள் மூன்று. கருவி, ஆயுதம், சொல்ல முடியாது.

எங்கள் டீம் லீடர் சேலத்துப் பையன். என் கடைசித் தம்பியைவிட இரண்டு வயது சின்னவன், ஆனாலும் எங்களுக்கு அவர் சார்.

"பாதுகாப்பு சம்பந்தமான ப்ராஜெக்ட்க்கா, வெளிய யாருக்கும் சொல்லக் கூடாது" என்று எல்லாரிடமும் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்.

"யாரு பாதுகாப்புங்க சார்?" என்று கேட்டேன்.

அவருக்கும் அதைச் சொல்லவில்லையாம். இப்போது இதையெல்லாம் எழுதுவது அந்தக் காகிதத்துக்கு விரோதம்தான். வழக்குப் போட்டால் கள்ளக்குறிச்சிக் கோர்ட்டு நடந்து போகிற தூரம்.

ஒரே படத்தை மூன்று பேருக்குக் காட்டுவார்கள். இரண்டு பேர் ஒரே பதில் சொன்னால் அதுதான் உண்மை. உண்மையை இப்படி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்று பதினோரு வருடம் கணக்கு நடத்தியும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சந்தேகம் வந்தால் நாங்கள் ஜன்னலுக்குப் போவோம். கீழே பாயின் ஹார்டுவேர் கடை. பி.வி.சி. குழாய், கடப்பாரை, மண்வெட்டிக் காம்பு வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத் தோளில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அது தலை. குறுக்கே ஒரு கோடு, அது குழாய். படத்தில் இருப்பதும் அச்சு அசல் அதேதான். இதில் என்ன சந்தேகம்? கருவி, கருவி, கருவி என்று அழுத்திக்கொண்டே போனோம். எங்கள் ஊரில் தோளில் நீளமாக ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவன் வரப்பில் போனால் அவன் தண்ணீர் கட்டப் போகிறான் என்று அர்த்தம். வேறு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது.

புளிச்சோற்றுக்காரி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர், பி.காம். படித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஒரு நாள் ஒரு படத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு பேர், ஒருவர் பின்னால் ஒருவர், நடுவில் சமமான இடைவெளி. தலையில், தோளில் ஏதேதோ சுமை. கடைசி ஆளிடம் ஆளைவிட நீளமாக ஒரு கோல்.

"இன்னாடி சிரிப்பு?" என்றேன்.

"கல்யாணத்துக்குப் போறாங்கக்கா. எங்கூர்ல சீரு எடுத்துக்கினு போறது இப்பிடித்தான். ஒத்தையடிப் பாதைல ஜோடி போட்டுக்கினா நடக்க முடியும்? கடைசி ஆளு பந்தலுக்கு மூங்கில் தூக்கிக்கினு போறாரு பாரு."

நானும் உற்றுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது மூங்கிலாகத்தான் இருந்தது. அந்தப் படம் வந்த மூன்று பேரும் கருவி என்று அழுத்தினோம். அவள் அதோடு விடாமல், குறிப்பு எழுதுகிற இடத்தில் 'கல்யாணச் சீர்' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து டீம் லீடர் முகம் சுண்டிப்போய் வந்தார்.

"இதே படங்களை வேற ஊர் ஆபீஸ்லயும் பார்க்கறாங்க. அங்க ஆயுதம் நிறைய வருது. நம்ம ஆபீஸ்ல ஒண்ணே ஒண்ணுகூட இல்ல. கிளையன்ட் என்ன கேக்கறாங்க தெரியுமா? நீங்க தூங்கறீங்களான்னு கேக்கறாங்க."

"எல்லாரும் தண்ணி கட்டப் போறாங்க சார், நாங்க இன்னா பண்றது?" என்றேன்.

"அக்கா, அந்தப் படங்கள்ல எங்கயும் ஆறே கிடையாது."

"இங்க மட்டும் ஆத்துல தண்ணி ஓடிக்கினா இருக்குது? ஆறு இல்லாத ஊர்ல மண்வெட்டி இருக்கக் கூடாதா?"

அவர் என்னைவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கல்யாணச் சீர்னு எழுதுனது யாரு?"

மலைக்காரி புடவைத் தலைப்பைத் தேவைக்கு மேல் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அப்புறம் எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு. விதிகள் அடங்கிய புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஆளின் கையைவிட நீளமான பொருள் தோளில் இருந்தால் ஆயுதம். ஐந்து பேருக்கு மேல் சம இடைவெளியில் வரிசையாக நடந்தால் படை. கருவி என்றால் இடுப்புக்குக் கீழே, கையில் தொங்க வேண்டும். ஏன் அப்படி என்று கேட்டால் அது கிளையன்ட் தீர்மானித்தது என்றார்கள். பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதினால்தான் மார்க் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். என் கதையே எனக்குத் திரும்பியது. எழுதினேன். இரண்டே வாரத்தில் ஆபீசில் நான்தான் முதல் மார்க். ஆயுதம், ஆயுதம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் முதல் நாள் மத்தியானத்துக்குள் பழகியும் போனது. மலைக்காரி மட்டும் எது வந்தாலும் 'சொல்ல முடியாது' என்றே அழுத்திக்கொண்டிருந்தாள். அவளை மறுபடியும் தென்னை மரம் எண்ணுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனையாம். அவள் முகத்தில் அன்றைக்குப் பார்த்த தெளிவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் நிலத்தில் மூன்றாவது தடவை ஆழ்துளைக் கிணறு போட்டும் புழுதிதான் வந்தது. தண்ணீர் இல்லாத ஊரில் இருக்க முடியாது என்று ரோஷப்பட்டு, பாலைவனத்துக்கு வேலைக்குப் போனவர் அவர். வளைகுடாப் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிற வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். தினமும் மத்தியானம் டீ குடிக்கிற நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார். நான் மாடிப்படியில் நின்று பேசுவேன். சண்டை போடுவோம். பக்கத்தில் இருந்தால் போடுகிற அதே சண்டைதான், செலவு மட்டும் கம்மி.

அந்த நாட்டுக்குப் பக்கத்தில் சண்டை ஆரம்பித்தபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் போனை மேலே திருப்பிக் காட்டினார். வெறும் வானம்தான் தெரிந்தது. ஆனால் சத்தம் கேட்டது.

"வண்டு மாதிரி சத்தம் கேக்குதா? ட்ரோனு. நம்மூர்ல கரும்புக்கு மருந்தடிக்குதே, அந்த மாதிரி. மேலயே நின்னுக்கினு பாக்குது. மருந்தும் அடிக்க மாட்டுது, போயித் தொலையவும் மாட்டுது."

சொல்லிவிட்டுப் போனை ஒரு மரத்தில் சாய்த்துவைத்துவிட்டு, கறுப்புக் குழாய் ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தார். இருபது அடிக் குழாய். பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், அதே மாதிரி தோளில் குழாயோடு, பாத்தி ஓரமாக வரிசையாக. என் வலது கை தானாக அசைந்தது. மவுஸ் இல்லாமலே அவரைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டேன். ஆயுதம். வரிசை. படை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கட்டம் போட்ட பிறகுதான் அது அவர் என்று உறைத்தது.

"இன்னாங்க, அந்தக் குழாய மொதல்ல கீழ போடுங்க" என்று கத்தினேன்.

"ஏன், இன்னா ஆச்சி?"

"தோள்ல வெச்சிக்கினு நடக்காதீங்க. மேலருந்து பாத்தா துப்பாக்கி மாதிரி தெரியும். ரெண்டு பேரா சேர்ந்து, இடுப்புக்குக் கீழ தொங்க விட்டுத் தூக்குங்க. வரிசையா போவாதீங்க, கலைஞ்சி கலைஞ்சி போங்க."

"கெழவனாட்டம் குனிஞ்சிக்கினா தூக்கச் சொல்ற? யாரு சொன்னது உனக்கு, தோள்ல இருந்தா துப்பாக்கின்னு?"

"நான்தாங்க சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் காகிதத்தில் போட்ட கையெழுத்தைக் காற்றில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஊர்ல இருக்கறப்பவும் என்னைப் பாத்தா உனக்கு அப்பிடித்தானே தெரியும்" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டு அழுதேன். அழுகைக்கு அவர் எப்போதுமே பயப்படுகிறவர். சரி என்றார்.

நான் சொன்னது சரிதானா என்று எனக்குப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. மறுநாள் பாய் கடைக்குப் போய், ஒரு குழாயை இரண்டு ஆட்களிடம் கொடுத்து, தாழ்த்திப் பிடித்தபடி தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னேன்.

"குழாய் வாங்கப் போறீங்களா, சினிமா எடுக்கப் போறீங்களாம்மா?" என்றார் பாய்.

"ரெண்டு நிமிஷம் பாய்" என்று மாடிக்கு ஓடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு புள்ளிகள், நடுவில் காலுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. எந்த விதியிலும் அகப்படாத கோடு. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒரு குழாயைப் பார்த்ததில்லை. கீழே வந்ததும் பாய்க்கு நன்றி சொன்னேன். குழாய் வாங்கவில்லை என்பதால் அவர் அந்த நன்றியை அவ்வளவாக ரசிக்கவில்லை.

விவசாயம் செய்கிற மனிதனுக்கு விவசாயி மாதிரி தெரிவது எப்படி என்று கள்ளக்குறிச்சியிலிருந்து பாடம் நடத்த வேண்டிய காலம் வந்துவிட்டது பாருங்கள். முன்பெல்லாம் சண்டையில் சுடுகிறவன் எதிராளியின் முகத்தைப் பார்த்தானோ இல்லையோ, அவன் ஒரு மனிதன் என்கிற அளவுக்காவது தெரிந்திருக்கும். இப்போது பார்ப்பது ட்ரோன், யோசிப்பது இயந்திரம், அந்த யோசனையைச் சோற்று மூட்டையோடு வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவது நாங்கள். இந்த மூன்று பேரில் யாரும் யாரையும் கொல்லவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைத்தான் பார்க்கிறோம்.

வீட்டுக்காரர் வேலை பார்க்கிற தோட்டத்தில் பதினெட்டு பேர். ஆரம்பத்தில் சிரித்தார்களாம், வேலை மந்தமாகிறது என்று மேஸ்திரி திட்டினாராம். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ ஏதோ விழுந்து புகை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு பேரும் ஜோடி ஜோடியாக, இடுப்புக்குக் கீழே குழாயைத் தொங்கவிட்டு, கலைந்து கலைந்து நடந்தார்கள். அதைப் பார்த்து அடுத்த தோட்டத்துக்காரர்களும் அப்படியே தூக்க ஆரம்பித்தார்களாம். "உன் பாடம் ஊரெல்லாம் பரவிடிச்சி டீச்சரம்மா" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு வகுப்புகூட நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் எல்லாரும் உட்கார்ந்ததும் டீம் லீடர் எழுந்து நின்றார். விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அது இன்றிலிருந்தே அமல் என்றார். பெரிய திரையில் படத்தைப் போட்டார். இரண்டு புள்ளிகள், நடுவில் காலுக்குப் பக்கத்தில் ஒரு கோடு.

"ரெண்டு பேர் சேர்ந்து, நீளமான குழாய் மாதிரி ஒண்ண இடுப்புக்குக் கீழ தாழ்த்தித் தூக்கிட்டுப் போனா, இனிமே அது ஆயுதம். ராக்கெட் விடற குழாயா இருக்கலாமாம். தோள்ல இருக்கறதவிட இதுக்குத்தான் முக்கியத்துவம் ஜாஸ்தி."

"ஏன் சார், திடீர்னு?" என்று யாரோ கேட்டார்கள். நான் அந்த இரண்டு புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பக்கத்துல கொஞ்ச நாளா புதுசா இப்படித் தூக்க ஆரம்பிச்சிருக்காங்களாம். முன்னாடி அங்க யாருமே இப்படித் தூக்குனது இல்லையாம். எதையோ மறைக்கறாங்கன்னு மிஷினே கண்டுபிடிச்சிருக்கு. நாம சொல்லித்தராமலே" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. நம் மாணவன் நாம் நடத்தாத பாடத்தையும் படித்துவிட்டான் என்கிற பெருமை.

அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்க எழுந்தேன். கேட்டாலும் அவருக்குத் தெரியாது. இது எங்கள் பதினெட்டு பேரைப் பார்த்து எழுதிய விதிதான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது, இல்லை என்றும் சத்தியம் பண்ண முடியாது. வேலை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது, பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். பெட்டியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு படிக்கு ஓடினேன். "அக்கா, ஆபீஸ் டைம்" என்று பின்னால் குரல் கேட்டது. வீட்டுக்காரருக்குப் போட்டேன்; மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் ஏன் போனை எடுக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கையிலும் குழாய் இருக்கும்.

நான் மறுபடி உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் டீ குடிக்கிற நேரத்துக்குக் கூப்பிட்டார்.

"இன்னாமா, நாலு வாட்டி பண்ணிக்கிற? வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"குழாயக் கீழ தொங்க விட்டுத் தூக்காதீங்க."

"அட, மறுபடியுமா? சரி, பழையபடி தோள்ல வெச்சிக்கவா? அதான் சொகம்."

"அதுவும் வாணாங்க."

போனில் அந்த வண்டுச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தோள்லயும் கூடாது, கீழயும் கூடாதுன்னா எப்பிடிமா தூக்கட்டும்? நீயே சொல்லு, அப்பிடியே தூக்கறேன்."

இந்த வேலைக்கு வந்து எத்தனை ஆயிரம் பேரைச் சுற்றிக் கட்டம் போட்டிருப்பேனோ தெரியாது. கட்டத்துக்குள் இருக்கிற ஒருவரும் அதுவரை வாயைத் திறந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. முதல் தடவையாக ஒருவர் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன். "வந்துடுங்க. வேல வாணாம், ஒண்ணும் வாணாம், வூட்டுக்கு வந்துடுங்க."

"ஏழு மாசம் இருக்குதுமா இன்னும். பாஸ்போர்ட்டு அவங்க கையில இருக்குது" என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. "மேஸ்திரி கத்தறாரு, லாரி வந்துடிச்சி, குழாய எறக்கணும். நீ அழுதுக்கினு உக்காராத, போயி சாப்புடு."

எப்படித் தூக்கப்போகிறார் என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டார்.